டின்னில் இருப்பது பாலா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். இனிப்பு நீர் (நீரிழிவு) அளவு இறங்கவே இல்லை. மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், சோற்றைக் குறைத்துவிட்டார், பலகாரத்தைத் தொடுவதில்லை. "சீனியே சேக்கிறதில்லம்மா, தேத்தண்ணியில பால் மட்டுந்தான்" என்றார். என்ன பால் என்று கேட்டேன். "டின் பால்தான். வேற எந்தப் பால் இருக்கு?"

நான் உணவியல் ஆலோசகர். பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை சொல்லும், நாம் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும்தான் என் வேலை. என் மேசைமேல் எப்போதும் நாலைந்து காலி டின்களும் பாக்கெட்டுகளும் இருக்கும். அதில் ஒரு டின்னைப் பேத்தியிடம் கொடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். இடைநிலைப்பள்ளிப் பிள்ளை. மலாயில் கடகடவென்று படித்தாள்: "கிரிமர் மானிஸ். குலா, மிஞாக் சாவிட், பெப்பெஜல் சூசு..."

பாட்டி அங்கேயே நிறுத்தினார். "மிஞாக் சாவிட்டுன்னா நம்ம செம்பனை எண்ணெயா?"

ஆமாம் என்றேன். அவர் இருபது வருடத்துக்கு மேல் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். டின்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே படம் போட்டிருந்தது. அப்புறம் கேட்டார்: "அப்போ மாடு எங்கம்மா?"

மாடு அவர் வீட்டில்தான் ஒரு காலத்தில் இருந்தது. பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்தபோது லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மாடு வளர்த்திருக்கிறார்கள். காலையில் கறந்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டுக்கு ஊற்றியிருக்கிறார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு தோட்டமே கைமாறி, குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போயின. நாலாவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது? பால் போய் டின் வந்தது. ஆனால் 'பால்' என்ற சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் இதுதான். நாம் பழைய பெயரை நம்பிச் சாப்பிடுகிறோம், உள்ளே இருப்பது வேறாகிவிட்டது.

அந்த டின்னில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரை. பால் கொழுப்பு விலை அதிகம், செம்பனை எண்ணெய் மலிவு. சுத்திகரித்து, நிறமும் வாடையும் நீக்கிவிட்டால் அந்த எண்ணெய்க்கு என்று ஒரு சுவை இருக்காது; எதில் கலந்தாலும் கலந்துவிடும், சீக்கிரம் கெடாது. பால் திடப்பொருளும் இருக்கிறது, கொஞ்சம். பொய் எதுவும் எழுதவில்லை, 'கிரிமர்' என்றுதான் டின்னில் போட்டிருக்கிறது. பொருள் பட்டியலில் எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. முதல் சொல் 'குலா', அதாவது சர்க்கரை, என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு குவளைக்குப் பாட்டி இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுவார். சுமார் 40 கிராம், அதில் 20 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு மூன்று குவளை. சீனியே சேர்க்காத பாட்டி தினமும் 60 கிராம் சர்க்கரை குடித்துக்கொண்டிருந்தார். இப்படிச் சேர்க்கும் சர்க்கரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது.

அந்தச் செம்பனை எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் பிழிந்தவுடன் அது நல்ல செக்கச்செவேல் என்று இருக்கும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் சத்துதான் அந்தச் சிவப்பு. நம் கடைக்கு வரும் 1 கிலோ பாக்கெட் எண்ணெயில் அந்தச் சிவப்பு இல்லை. வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடையை எடுக்கும்போது கரோட்டின் போய்விடுகிறது. தோட்டத்தில் வெட்டிய குலையைச் சீக்கிரம் ஆலையில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெடும் என்று தொழிலாளிக்கு அவ்வளவு அவசரம் கொடுக்கிறார்கள். அப்படிப் பத்திரமாகக் கொண்டுவந்த பழத்தின் சத்தைத்தான் நிறத்துக்காகவும் வாடைக்காகவும் நீக்கிவிடுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

பெரிய ஆலையில் உணவு செய்பவருக்குச் சில கட்டாயங்கள் உண்டு. சரக்கு மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும், எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இயந்திரத்தில் தடையில்லாமல் ஓட வேண்டும். சிக்கல் என்னவென்றால், கெட்டுப்போகிற பகுதியில்தான் பெரும்பாலும் சத்தும் இருக்கிறது. தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வரும், வண்டு வரும். அதை எடுத்துவிட்டால் மாவும் அரிசியும் கிடங்கில் நிம்மதியாக இருக்கும். நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் அதோடு போய்விடும்.

இதற்கு நம் மலாயாவிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித்தருவதில்லை என்று நான் வருத்தப்படும் பாடம். நூற்றிருபது வருடத்துக்கு முன்பு ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. ஃபிளெட்சர் என்ற இன்னொரு டாக்டர் 1905-லிருந்து 1906 வரை கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள், புழுங்கல் அரிசிக்காரர்கள் தப்பித்தார்கள். பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தீட்டும்போது எதையோ இழக்கிறோம், நோய்க்கு அதுதான் காரணம் என்று காட்டினார்கள். 'வைட்டமின்' என்ற சொல்லே 1912-ல்தான் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள, அந்த நோயைத் தடுக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. படிப்பறிவு இல்லாத கூலிகள் என்று சொல்லப்பட்ட நம் முப்பாட்டன்களை அவர்கள் வீட்டு வழக்கம் காப்பாற்றியிருக்கிறது. இன்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வீட்டில் புழுங்கல் அரிசியே இல்லை. "அதுல வாடை வருது மிஸ்" என்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். அவிப்பதும் பதப்படுத்துதல்தான். தயிர் உறையவைப்பதும் இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் அப்படித்தான். பதப்படுத்தினாலே கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் ஏற்பதில்லை. பாலைச் சூடாக்கி விற்பதால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019-ல் வெளியிட்ட ஒரு சோதனையை அடிக்கடி சொல்வேன். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒரே அளவுக்கு வருமாறு பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறினார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய வேலை இல்லாததால் வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது போலும். இதை வைத்துத்தான் நான் 'வாயைக் கட்டு' என்று யாரையும் திட்டுவதை நிறுத்தினேன்.

பெயர் அப்படியே இருக்க, கோழியும் மாறிவிட்டது. கனடாவில் 1957, 1978, 2005-ஆம் ஆண்டு இனக் கோழிகளுக்கு ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் முதலாவது 905 கிராம், கடைசியது 4,202 கிராம். மெதுவாக வளரும் கம்பத்துக் கோழி கறி வேகவே ஒரு மணி நேரம் ஆகும் என்று பாட்டிகள் சொல்வது கதை இல்லை.

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பாட்டில் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள். நல்ல வேலைதான், ஆலைகள் சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் ஒட்டுக்கடையில் இழுத்து ஊற்றும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை.

காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறும் அம்மாவிடம் மசாலா அரைத்துச் சமையுங்கள் என்று நான் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு பொருளின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதல் மூன்று சொற்கள் போதும். ஆரஞ்சுச் சாறு என்று வாங்குவதில் ஆரஞ்சு எத்தனையாவது இடம்? நகெட்டில் கோழிக்கு முன்னால் மாவு நிற்கிறதா? 'பெரிசா' (perisa) என்ற மலாய்ச் சொல் இருந்தால் தனியாகச் சுவையூட்டி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாட்டி இப்போது காலையில் ஒரு குவளை மட்டும் பசும்பால் பவுடர் கலந்து குடிக்கிறார், மற்ற நேரம் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி. முதல் வாரம் தலைவலி, வாய் கசப்பு, ஒரே எரிச்சல் என்று பேத்தி சொன்னாள். போன மாதம் வந்தபோது அளவு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். பையில் அலசிய பாக்கெட்டுகள் ஐந்தாறு கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கியதாம். ஒவ்வொன்றையும் பேத்தி படிக்கப் படிக்க, அவர் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.