பழைய மினிக்கு டிஸ்க் பிரேக் மாட்டினால் என்ன ஆகும்?

1959-ல் பிரிட்டனில் மினி கார் வெளிவந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான்; சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மை, ஷூ என்னும் வளைந்த துண்டுகள் உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும். சக்கரமே 10 அங்குலம்; அதற்குள் 7 அங்குல டிரம். 34 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதுமாக இருந்தது. 1961-ல் வேகம் கூட்டிய மினி கூப்பர் வந்ததும் முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க் கொடுத்தார்கள்; சக்கரத்தோடு சுழலும் இந்தத் தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கும். 1963-ல் வந்த கூப்பர் எஸ்ஸில் அது 7.5 அங்குலமானது, கூடவே மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரும் சேர்ந்தது. சாதாரண மினிகளுக்கு டிஸ்க் கிடைக்க 1984 ஆகிவிட்டது. பழைய மினி வைத்திருப்பவர்கள் ஸ்பானரைக் கையில் எடுத்ததும் முன்பிரேக்கில் போய் நிற்பது இதனால்தான்.

டிஸ்க் மாட்டினால் வண்டி சட்டென்று நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். ஒழுங்காக இருக்கும் டிரம் பிரேக்கே ஒரு தடவை ஓங்கி மிதித்தால் சக்கரத்தைப் பூட்டிவிடும். அதற்கு மேல் தரையில் பிடிப்பு இல்லை. வித்தியாசம் தெரிவது அடுத்தடுத்து மிதிக்கும்போது.

ஓட்டுநரோடு 700 கிலோ எடையுள்ள மினி 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 270 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம், நாலைந்து நொடியில். மலை இறக்கத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் கீழே போகும். ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் உராய்வும் குறைந்துவிடும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. சூட்டில் கொஞ்சம் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

ஆனால் டிரம்முக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சுழலும் டிரம் முன்ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். காலுக்கு வேலை குறைவு. டிஸ்க்கில் இந்த இலவச உதவி கிடையாது. அதனால்தான் டிஸ்க் மாற்றியவர்கள் முதல் நாளே "பெடல் கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். கூப்பர் எஸ்ஸுக்குப் பூஸ்டர் வந்த காரணமும் இதுவே.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர்; பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுவது இதுதான். பேடுகளைத் தாங்கி டிஸ்க்கோடு அமுக்கும் காலிப்பரில் உள்ள பிஸ்டனின் பரப்பு கூடினால் அதே அழுத்தத்தில் பேடை அமுக்கும் விசை கூடும். ஆனால் அந்தப் பிஸ்டனை நகர்த்த அதிக எண்ணெய் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சிறிதாக இருந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். அதிகப் பெரிதாக இருந்தால் மிதித்து மாளாது. காலிப்பரை மட்டும் வாங்கி வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போடலாமா? என் கருத்து: அழகுக்குப் போடலாம். மினியின் எடையில் பாதிக்கு மேல் முன்னால் இருக்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் முன்னால் சாயும். பின்சக்கரத்தில் மிச்சமிருப்பது சொற்பப் பாரம். அங்கே பிரேக் கூடினால் பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டி பம்பரமாகத் திரும்பிவிடும். பின்பக்கம் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த மினியில் ஒரு வால்வே வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மாற்றினால் அதையும் பார்க்க வேண்டும்.

1984 மாடலின் 8.4 அங்குல டிஸ்க்கை அப்படியே எடுத்து மாட்டலாம் என்றால், அதன் காலிப்பர் 10 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது. 12 அங்குலச் சக்கரம் வேண்டும். சிறிய சக்கரத்தின் அழகை விட மனசில்லாதவர்கள் கூப்பர் எஸ்ஸின் 7.5 அங்குலத்துக்கே போகிறார்கள்.

எது மாட்டினாலும் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிட வேண்டும். டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் நீராவி. நீராவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் மட்டும் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது.