டிராஃப்ட் மேஜையில் பீர் என்ன செய்கிறது?

பன்னிரண்டு பேர், பதினைந்து சுற்று, ஒரு தேர்வுக்கு 90 நொடி. எல்லோரும் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் 180 தேர்வு முடிய நாலரை மணி நேரம் ஆகும். அமெரிக்காவில் என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் பருவம் தொடங்கும் முன் நண்பர்கள் கூடி ஃபேன்டசி ஃபுட்பாலுக்கு ஆள் பிரிப்பது இப்படித்தான், அதற்குப் பெயர்தான் டிராஃப்ட். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு இது. அவரவர் வீட்டில் இருந்தபடி கணினியிலேயே முடித்துவிடலாம். ஆனாலும் எத்தனையோ பேர் ஒரே அறையில் கூடி, சுவரில் பெரிய அட்டை மாட்டி, வீரர்களின் பெயர் ஸ்டிக்கர்களை ஒட்டி, கையில் பீரோடு உட்காருகிறார்கள்.

இந்த விளையாட்டுக்கும் மதுக்கடைக்கும் பழைய உறவு உண்டு. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் 1962-ல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் இதற்கு விதி வகுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் வீட்டில் முதல் டிராஃப்ட் நடந்தது. அங்கிருந்து பொதுமக்களிடம் போனது ஓக்லண்டின் கிங்ஸ் எக்ஸ் என்ற பார் வழியாக.

சரி, அந்த நாலரை மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாம்பு வரிசையில், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் முறையில், முதல் தேர்வு கிடைத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24-வது இடத்தில்தான் வரும். நடுவில் மற்றவர்களின் 22 தேர்வு, அதாவது 33 நிமிடம் வரை சும்மா உட்கார வேண்டும். மொத்தத்தில் ஒருவருடைய சொந்த வேலை 22 நிமிடத்துக்குச் சற்று மேல், மீதி எல்லாம் அடுத்தவர் முறை. பேச்சும் கிண்டலும் பீரும் நுழைவது அந்தக் காத்திருப்பில்தான்.

குடித்த பீரில் உள்ள ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடலில் இருந்துதான் ரத்தத்தில் சேர்கிறது, ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், வயிற்றில் சாப்பாடு இருந்தால் இன்னும் மெதுவாக. முதல் சுற்றில் குடித்ததன் முழு வேகம் மூன்றாவது, நாலாவது சுற்றில் தெரிவது அதனால்தான். மூளையில் அது காபா என்ற தணிக்கும் சமிக்ஞையை வலுவாக்குகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட்டை மங்கவைக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், கையைக் கட்டி நாக்கை அடக்கும் பகுதி தளர்கிறது. பேச்சு பெருகுகிறது, யார் போனார்கள் யார் மிச்சம் என்ற நினைவு நழுவுகிறது.

பத்தாவது சுற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் எழுந்து கம்பீரமாக ஒரு ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரர், பெயரைச் சொல்வார். அறை ஒரு கணம் அமைதியாகும். அட்டையில் இரண்டு வரிசைக்கு மேலே அதே பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அப்புறம் கூரை அதிரச் சிரிப்பு.

அணிக்கு நஷ்டமான அந்த நொடி கூட்டத்துக்கு லாபம் என்பது என் கட்சி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 720 பேரை, ஒருவரையொருவர் அறியாத மூவர் மூவராக உட்காரவைத்துச் சோதித்தார்கள். 2012-ல் வெளியான முடிவு இது: மது அருந்திய குழுக்களில் மூவரும் ஒரே நேரத்தில் மனதாரப் புன்னகைத்தது அதிகம், பேச்சு மூவரிடமும் மாறி மாறிப் போனதும் அதிகம். மது என்று நம்பி வேறு பானம் குடித்தவர்களிடம் அந்த அளவு காணவில்லை.

ஏல டிராஃப்டில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வழக்கமாக 200 டாலர் கற்பனைப் பணம், யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு ஆள். வீரரின் மதிப்பை மிகையாகக் கணித்தவரே ஏலத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம், 1971-லேயே எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர் இந்தச் சிக்கலை எழுதிவைத்தார்கள். தடுக்கும் பகுதி தளர்ந்த நேரத்தில் கை தூக்கினால் பை காலி. ஐந்து சதவீத பீர் 355 மில்லி கேனில் ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதைக் கல்லீரல் கரைக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அந்த வேகத்துக்கு மேல் குடிப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

பீர் தொடாதவருக்கும் பங்கு இருக்கிறது. பின்லாந்தின் துர்க்குவில் 2017-ல் வெளியான ஆய்வில், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது உடம்பே தயாரிக்கும், வலியைத் தணித்து இதம் தரும் ஓபியாய்டுகள் சுரந்தது தெரிந்தது. அங்கே யார் கையிலும் மது இல்லை. பத்தாவது சுற்றில் கூரை அதிரும்போது சோடா குடிப்பவருக்கும் அது சுரக்கும்.