பீசர் என்றால் யார்? பழைய பஞ்சாலைத் தொழிற்பெயர்களைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேட்டில், லங்காஷயரின் ஓல்டாம் நகரத்துக்குரிய பக்கங்களில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்துள்ள தொழில் பத்தியில் மைண்டர், பீசர், டென்டர், ஸ்ட்ரிப்பர் முதலிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னோரைத் தேடி அந்த ஏடுகளைப் படிப்பவர்கள் அகராதியில் ஒரு பொருளைக் கண்டதும் நகர்ந்துவிடுவதுண்டு. ஆனால், இவை ஒவ்வொன்றும் ஓர் இயந்திரத்தின் அருகே ஒருவர் நின்ற இடத்தின் பெயர் என்பதால், அந்த இயந்திரம் ஓடிய விதம் தெரிந்தால்தான் சொல் முழுதாகப் பிடிபடும்.

ஓல்டாமின் முதன்மை நூற்பு இயந்திரம் 'மியூல்'. சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் உருவாக்கிய இதனை, ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1830 வாக்கில் தானே இயங்குமாறு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்களைத் தாங்கிய நீண்ட வண்டி ஒன்று தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரம் வெளியே நகரும்போது பஞ்சிழை நீண்டு முறுக்கேறும். வண்டி திரும்பி வரும்போது அந்த நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். இந்த ஓட்டத்தில் இழைகள் அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சிழையை வெளிவிடும் உருளைகளை வண்டி நெருங்கும் சில நொடிகளுக்குள், அதன்மேல் குனிந்து, அறுந்த இரு முனைகளையும் விரல்களால் உருட்டி ஒட்டுபவரே பீசர். எண்ணெய் படிந்த தரையில் வழுக்காமலிருக்க இவர்கள் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். இயந்திரத்தின் அடியில் நுழைந்து பஞ்சுத் தூசியைக் கூட்டியெடுத்த சிறுவருக்கு ஸ்கேவெஞ்சர் என்று பெயர். இச்சொல்லைக் கண்டு நகராட்சித் துப்புரவுப் பணியாளர் என்று கருதிவிடக் கூடாது.

எதிரெதிரே நிற்கும் இரண்டு மியூல்களுக்கும் பொறுப்பாளர் மைண்டர். நூற்ற அளவுக்கேற்ப ஆலை அவருக்குக் கூலி கொடுத்தது. அதிலிருந்து பீசர்களுக்கு அவரே பங்கு கொடுத்தார். ஒரு மைண்டருக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு பீசர்கள் இருந்ததால், எல்லோருக்கும் மேலிடம் கிடைக்க வழியில்லை. எனவே, மனைவி மக்களோடு வாழ்ந்த முப்பது வயதுக்காரருக்கு நேரே பீசர் என்றிருந்தால் எழுதியவர் தவறிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை; அவர் மைண்டர் இடத்துக்காகக் காத்திருந்தவராக இருக்கலாம். அதே சொல் பதினோரு வயதுச் சிறுவனுக்கு நேரே இருந்தால், அவன் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் கழித்த 'அரைநேரத் தொழிலாளி'யாக இருந்திருக்கக்கூடும். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதிலேயே அவ்வாறு வேலைக்குச் செல்ல இடமளித்தது. அந்த வயது வரம்பு 1899இல்தான் பன்னிரண்டுக்கு உயர்ந்தது.

டென்டர் (tenter) என்பது இதைவிடக் குழப்பமான சொல். லங்காஷயரில் அது இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவரைக் குறித்தது. நெசவுக்கூடத்திலோ நெசவாளருக்கு உதவிய சிறுவரையும் குறித்தது. யார்க்ஷயரின் கம்பளித் தொழிலில், ஈரத்துணியைக் கொக்கிகளில் மாட்டி இழுத்து உலர்த்திய சட்டத்துக்கே அப்பெயர் உண்டு. ஆகவே ஊரைப் பார்க்காமல் பொருள் கொள்வது சரியாகாது.

டாஃபர் நமக்கு அந்நியமான சொல் அன்று. நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெற்றுப் பாபின்களை மாட்டும் வேலை அது; ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களோடு கோவை ஆலைகளுக்கும் வந்து சேர்ந்த அந்தப் பெயர் இங்கே இன்றும் வழக்கில் உள்ளது.

என் கருத்தில், தொழில் பத்தி மிகுதியாகப் பேசுவது இறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் படிக்கும்போதுதான். மியூல் நூற்பாளர்களின் ஆடையை நனைத்த கனிம எண்ணெய்க்கும் அவர்களிடையே கண்ட விதைப்பைத் தோல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922இல் எடுத்துக்காட்டினர். ஸ்ட்ரிப்பர் அண்ட் கிரைண்டர் எனப்பட்டவர், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் கம்பிப் பற்களில் சிக்கிய கழிவை உரித்தெடுத்து, பற்களைத் தீட்டியவர். ஆலையிலேயே தூசி மிகுந்த இடங்களில் ஒன்று அது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சை இறுக்கும் பைசினோசிஸ் நோய் அங்கிருந்தவர்களைப் பெரிதும் தாக்கியது. அத்தகையவரின் சான்றிதழில் வெறும் ஆஸ்துமா என்றோ மூச்சுக்குழல் அழற்சி என்றோ எழுதியிருந்தாலும், அந்தப் பஞ்சுத் தூசியைத் தொழில் பத்தியில் காணலாம்.