பகா எண்: சொல்லும் சோதனையும்

1-ஐ விடப் பெரிய ஒரு முழு எண்ணை 1-உம் அதே எண்ணும் தவிர வேறெதுவும் மீதியின்றி வகுக்காவிட்டால் அது பகா எண். பேச்சில் 'பிரைம் நம்பர்' என்கிறோம்.

லத்தீனில் 'பிரீமுஸ்' என்றால் முதலாவது. அதற்கும் முன்னோடி, யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய 'புரோட்டோஸ் அரித்மோஸ்', அதாவது முதல் எண். மற்ற எண்களெல்லாம் இவற்றின் பெருக்கத்தில் பிறப்பதால் இவை முதல். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இந்தப் பொருளைத் தழுவியது. தமிழ்நாட்டில் வழங்கும் 'பகா எண்' வேறு வழியில் வந்தது. 'பகாத எண்' என்பதில் ஈறு கெட்டுப் 'பகா எண்' ஆனது. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிப்பதும் இதே வினையடியால்தான். பகுபதத்தில் ஒற்று மிகாது, அது வினைத்தொகை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். அதனால் 'பகா காரணி' பிழை, 'பகாக் காரணி' சரி.

இரண்டில் 'பகா'வே மேலான சொல். எண்ணை என்ன செய்து பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒரு குறை உண்டு: சொல்லை மட்டும் பார்த்தால் 1-உம் பகாதது. ஆனால் 1-ஐச் சேர்த்தால் 6 என்பது 2×3, 1×2×3, 1×1×2×3 என முடிவில்லாமல் பிரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே பகாக் காரணிப்படுத்தல் என்ற விதி உடைந்துவிடும். அதனால்தான் வரையறை 1-ஐ விலக்குகிறது.

இனி 2,14,74,83,647 என்ற எண்ணைப் பகுத்துப் பார்ப்போம். இது 2³¹ − 1. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 46 என்பதால் 3-ஆலும் வகுபடாது. வர்க்கமூலம் ஏறக்குறைய 46,340.95. அதுவரை உள்ள 4,792 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்குமேல் ஒரு காரணி இருந்தால், அதன் இணை இதற்குள் அகப்பட்டிருக்கும்.

கையால் 4,792 வகுத்தல் பெரும்பாடு. கணிதவியலாளர் ஆய்லர் 1772-இல் இதைச் சுருக்கினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 62-ஆல், அதாவது அடுக்கு 31-இன் இரு மடங்கால், வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். எல்லைக்குள் அப்படி ஏறத்தாழ 370 எண்கள்தான். அவற்றிலும் 63, 249 போன்ற பகு எண்களை, அதாவது சிறு காரணிகளாகப் பிரிபவற்றை, தள்ளிவிடலாம். முதலில் சோதிக்க வேண்டியது 311: மீதி 35. அடுத்தது 1,303. கடைசிவரை எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. எண் பகா எண்தான்.

2-இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே, 1-ஐக் கழித்து வரும் விடையும் பகா எண் என்று நம்பிவிடக் கூடாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2,047 = 23 × 89. இங்கும் ஆய்லர் பயன்படுத்திய விதி பொருந்துகிறது: 23, 89 இரண்டையும் 22-ஆல் (2×11) வகுத்தால் மீதி 1.