குப்பைமேட்டு நஞ்சைப் பிடித்துவைக்கும் சேறு

மட்டக்களப்பு வாவிக் கரையில் கண்ணா எனப்படும் அலையாத்தி மரங்களின் அடியில் ஒரு சாண் தோண்டினால் கறுத்த சேறு வரும், கூடவே கூழ்முட்டை நாற்றமும் வரும். கறுப்பு நிறம் இரும்புச் சல்பைட்டினால் வருவது. நாற்றம் ஐதரசன் சல்பைட்டு வாயுவினுடையது. ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களைப் பிடித்துவைக்கும் வேலையை இந்தச் சேறு காலங்காலமாகச் செய்துவருகிறது. குப்பைமேட்டிலிருந்து ஊறி வழியும் கசிவுநீரைச் சுத்திகரிக்கச் செயற்கை ஈரநிலம் அமைப்பவர்கள் இதே சேற்றைத்தான் ஒரு தொட்டிக்குள் வளர்த்தெடுக்கிறார்கள்.

பழைய பற்றரி, பெயின்ட் டின், உடைந்த மின்குமிழ் எல்லாம் வீட்டுக் குப்பையோடு போய்ச் சேர்கின்றன. புதுக்குப்பை அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் ஈயம், கட்மியம், நாகம் (துத்தநாகம்), செம்பு ஆகியவற்றைக் கரைக்கின்றன. மாரி மழை பிடித்ததும் அவை வழிந்து வெளியேறும். மட்டக்களப்பின் திருப்பெருந்துறையைப் போல நீர்நிலைக்கு அருகே குப்பை கொட்டிய இடங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சோறும் இலையும் மக்கிவிடும், உலோகம் மக்காது. மனிதச் சிறுநீரகத்தில் சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் எடுக்கும். வாவி மீனும் இறாலும் நண்டும் அன்றாடம் உண்ணும் நமக்கு இது சின்ன விடயமல்ல.

தொட்டியின் அமைப்பு எளிது. நீர் நிலத்தில் இறங்காதபடி அடியில் தடித்த விரிப்பு, அதன்மேல் இடுப்பளவுக்குக் குறைவாகச் சல்லிக்கல், அதில் சம்பு அல்லது நாணல். சேற்றுத்தாவரங்களால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வை ஜேர்மனியில் கேத்தே சைடல் 1950களில் தொடங்கினார். கசிவுநீரை நேராக உள்ளே விடக்கூடாது. அதிலுள்ள அமோனியா செடிகளைக் கருக்கிவிடும் என்பதால் முதலில் ஒரு குளத்தில் தங்கவிட்டுக் காற்றூட்ட வேண்டும். பிறகு கல்லுக்கு அடியில் நாட்கணக்காக அது மெல்ல நகரும். மேலே நீர் தேங்காததால் நுளம்பும் பெருகாது.

செடிதான் உலோகத்தை உறிஞ்சி எடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது உறிஞ்சுவது சொற்பம், அதிலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. செடியின் பெரிய உதவி வேறு. சம்பின் உட்துளைகள் வழியே காற்று வேருக்கு இறங்குகிறது; வேரைச் சுற்றி இரும்பு துருப்பிடிக்கிறது. ஒரு வேரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள், செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். ஈயமும் ஆசனிக்கும் அதில் பற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து சற்று விலகினாலே ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைப் பயன்படுத்திச் சல்பைட்டை வெளிவிடுகின்றன. அதனோடு சேரும் ஈயம், கட்மியம், நாகம் ஆகியவை நீரில் கரையாத துணிக்கைகளாகிச் சேற்றில் படிகின்றன.

நமது பகுதிக்கு முக்கியமான எச்சரிக்கை இங்குதான் இருக்கிறது. தொட்டி காய்ந்தால் சேற்றுக்குள் காற்று புகும். சல்பைட்டு அமிலமாக மாறும். பிடிபட்ட உலோகம் அடுத்த மழையோடு வெளியே ஓடும். மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும் இம்மாவட்டத்தில், வெளியேறும் நீரைத் திருப்பி உள்ளே விட்டாவது கோடையில் நீர்மட்டத்தைக் காக்க வேண்டும். மாரியில் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி மழைநீரைத் தனியே திருப்ப வேண்டும்.

ஈரநிலம் உலோகத்தை அழிப்பதில்லை, ஓரிடத்தில் சேர்த்துவைக்கிறது. ஆண்டுகள் சென்றபின் சேற்றை அள்ளி, நீர் கசியாத குழியில் மூடவேண்டியிருக்கும். செடியிலும் கொஞ்சம் உலோகம் இருப்பதால் அதிலும் கவனம் வேண்டும். பன் என்னும் கோரையை அறுத்துப் பாய் இழைக்கும் ஊர் இது. பச்சையாக எது நின்றாலும் எருமை வாய் வைக்கும். ஆகவே தொட்டிக்கு வேலி கட்டாயம். அறுத்த சம்பைக் கரையில் கட்டுக்கட்டாகக் குவித்துவைக்காமல் அன்றைக்கே புதைத்துவிட வேண்டும்.