மாடியில் இன்னொரு சர்வர் இருக்குதுங்க, அப்புறமென்ன?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் போன் செய்தார். "டேலி தொறக்க மாட்டேங்குதுங்ணா. எல்லா ஃபைல் பேருக்கும் வால் மொளச்சிருக்குதுங்க."

நான் பெரிதாகப் பதறவில்லை. அங்கே கீழே ஒரு சர்வர், மாடியில் ஒரு சர்வர். கீழே பதிவது அடுத்த நொடியே மேலேயும் பதியும்; ரெப்ளிகேஷன் என்பது இதைத்தான். அமைத்துக் கொடுத்தவனே நான்தான். மாடி ஏறித் திரையைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. அங்கேயும் அதே வால்.

வெளியிலிருந்தே சர்வரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவைத்திருந்தோம். ராத்திரி அந்த வழியாக, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்திருக்கிறது. கீழே ஒவ்வொரு ஃபைலும் பூட்டப்படப் பூட்டப்பட, ரெப்ளிகேஷன் அதை அப்படியே மேலே ஏற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. மாற்றம் வந்தால் நகலெடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒருவர் தப்பாக அழித்த லெட்ஜரும் இப்படித்தான் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். டிஸ்க் செத்தால், மதர்போர்டு போனால் கைகொடுப்பது ரெப்ளிகேஷன். நேற்றைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் பேக்கப்தான் வேண்டும்.

அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெண்ணின் டிபன் பை. சனிக்கிழமைதோறும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் டேட்டாவை ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். நானே அதைக் கேலி செய்திருக்கிறேன். சனிக்கிழமைக்குப் பிந்தைய கணக்கை, நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் போய்வந்த துணியின் டிசி (டெலிவரி சலான்) கார்பன் நகல்களைப் பார்த்து மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். பாதி நகலில் கிலோ எழுத்தே மங்கியிருந்தது. (இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது. பலருக்கும் இது தெரியாது.)

சின்ன ஊர், சின்ன கம்பெனி, அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் இணையதளமான கிட்லேபில், ரெப்ளிகேஷன் சிக்கலைச் சரிசெய்யப் போன பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்லும் மெயிலும் யார் கைக்கும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) மிச்சம்.

எந்த முதலாளியிடமும் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேர எண்ட்ரியைத் திரும்பப் போடத் தெம்பு இருக்குதுங்க?" என்பதுதான். "ஒரு நிமிசம்கூடப் போகக்கூடாது தம்பி" என்பார்கள். அதற்கான விலையைச் சொன்னதும், "செரி, அரை நாள் போனா சமாளிச்சுக்கலாம்" என்று இறங்கி வருவார்கள். அந்த அரை நாள் தெரிந்த பிறகுதான் என் வேலையே தொடங்கும். பேக்கப் எத்தனை மணிக்கு ஒருமுறை, கோவைக்கு ஒரு நகல் அனுப்புவதா, அது எத்தனை நிமிடம் பின்தங்கலாம் என்பதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும் ஃபெயிலோவருக்கு வேறு வகை வம்பு. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் எலி கேபிளைக் கடித்து, இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த தொடர்பு அறுந்தது. முதல் சர்வர் செத்துவிட்டது என்று இரண்டாவது முடிவு செய்து தானும் பில் போடத் தொடங்கியது. முதலாவதோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் ஒரே நம்பரில் இரண்டு பில், இரண்டு வேறு பார்ட்டிக்கு. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் ஆடிட்டர் என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. யார் உயிரோடு இருக்கிறார் என்று சாட்சி சொல்ல மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினை அப்போதே வைத்திருக்க வேண்டும். இன்னோர் இடத்தில் எல்லாம் ஒழுங்காக மாறியது. செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் என்கிற லைசென்ஸ் டாங்கிள் மட்டும் செத்த சர்வரிலேயே செருகியிருந்தது.

அதனால் மாதாந்திர மின்தடை நாளில் முதல் சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஜெனரேட்டரில் இரண்டாவதை வைத்தே வேலை பார்க்கச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் இப்போது டிபன் பைக்கு இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றிப் போகும். அன்றே அதில் ஒன்றைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கியை ஒத்துப் பார்ப்போம்.

இந்த ஏப்ரலில் ஒத்துப்போகவில்லை. புது வருசத்துக்குப் புது ஃபோல்டர் திறந்திருந்தார்கள். பேக்கப் மூன்று வாரமாகப் பழைய வருசத்தையே பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது.