மைனர்: ஹர்லிங் களத்தில் ஒரு வயதுச் சொல்

அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்கை ஆடும் வீரர் யாருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் முதல் சில வரிகளுக்குள் ‘மைனர்’ வந்துவிடும். கால்வே மாவட்ட மைனர் அணிக்கு ஆடினார், மூன்று வருஷம் மைனர், மைனர் பதக்கம் இரண்டு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். தமிழில் படிக்கிறவருக்கு இது சற்று இடறும். நமக்கு மைனர் என்றால் வழக்குச் செய்தியில் வரும் 18 வயது நிரம்பாத பிள்ளை. இல்லையென்றால் ஜிப்பாவும் மைனர் செயினுமாக ஊர் சுற்றுகிற ஆசாமி. ஹர்லிங் மைனர் முதல் ஆளுக்கு உறவு, இரண்டாம் ஆளுக்கு ரொம்பத் தூரம்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘மினோர்’ என்றால் ‘இன்னும் சிறியது’. கணக்கில் நாம் போடும் மைனஸும் இதே வேரில் முளைத்ததுதான். ரோமானியச் சட்டம் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை இந்தச் சொல்லால் குறித்தது. ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் 21 என்று வைத்திருந்தது. அயர்லாந்து 1985-இல் சட்டம் போட்டு அதை 18 ஆக்கியது. ஆக, சொல் ஒன்றே, அதற்குள் இருக்கும் எண் மட்டும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நம் ஊர் ‘மைனர்’ வேறு வழியாக வந்தவர். ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறுவனாக இருந்தால், ஜமீனைக் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற அரசு அமைப்பு எடுத்து நடத்தும். 1875-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி மற்றவர்களுக்கு 18-இல் மேஜர் வயது வந்துவிடும், இந்தப் பிள்ளைகளுக்கோ 21 ஆக வேண்டும். (அந்த வேறுபாடு 1999-இல்தான் நீக்கப்பட்டது.) பொறுப்பு எதுவும் கிடையாது, கைச்செலவுக்குப் பணம் உண்டு. அப்புறம் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளக் கேட்க வேண்டுமா? நாற்பது வயதிலும் ‘மைனர்’ என்றே அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள்.

சரி, களத்துக்கு வருவோம். ஹர்லிங் அணிக்கு 15 பேர். ‘ஆஷ்’ மரத்தில் செய்த வளைமட்டையால் சிறு தோல் பந்தை அடித்து ஆடுவார்கள். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே, வலைக்குள் போனால் கோல், அது 3 புள்ளி. கம்பத்துக்கு மேலே பறந்தால் 1 புள்ளி. 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய கெய்லிக் தடகளச் சங்கம்தான் இன்றும் இந்த ஆட்டத்தை நடத்துகிறது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, மாணவர் என்று அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு சொந்த ஊர்க் கிளப்புக்கும், அதில் தேறினால் மாவட்டத்துக்கும் ஆடுவார்கள். அகில அயர்லாந்து மைனர் ஹர்லிங் போட்டி 1928-இல் தொடங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் 18 நிரம்பாதவர் மைனர், அவ்வளவுதான் கணக்கு. 2018 முதல் அந்த எல்லையை 17 ஆகக் குறைத்துவிட்டார்கள். பள்ளி இறுதித் தேர்வும் பல அணிகளின் பயிற்சியும் ஒரே பையன் தலையில் விழுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த மைனர் ‘சின்ன ஆட்டம்’ இல்லை. பல பத்தாண்டுகளாக மைனர் இறுதிப்போட்டி, பெரியவர்களின் இறுதிப்போட்டி நாளன்றே, அதே குரோக் பார்க் மைதானத்தில் அதற்கு முன் ஆட்டமாக நடந்தது. பிற்பகல் பெரிய ஆட்டத்துக்கு வந்து நிரம்பிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் முன்னால் பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் ஆடுவார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் ‘அவனை மைனரிலேயே பார்த்திருக்கிறேன்’ என்று பெருமையாகச் சொன்னால், பெரும்பாலும் இந்த முன் ஆட்டத்தைத்தான் சொல்கிறார்.

சொல்லின் எடை புரிய கால்வேயின் ஜோ கேனிங் ஒருவர் போதும். 1988 அக்டோபரில் பிறந்தவர், ஊர் போர்ட்டும்னா. 2004-இல் கால்வே மைனர் பட்டம் வென்றபோது அவருக்கு 16 கூட முடியவில்லை. 2005-இல் மறுபடி பட்டம். 2006-இலும் இறுதிப்போட்டி வரை போய் டிப்பரரியிடம் தோற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 2006 மார்ச்சில் போர்ட்டும்னா கிளப்பின் சீனியர் அணியில் ஆடி அகில அயர்லாந்து கிளப் பட்டத்தையும் வென்றிருந்தார். பெரிய ஆட்களோடு மோதி நாட்டின் சிறந்த கிளப் ஆனவர், சில மாதம் கழித்து மாவட்டத்துக்கு வந்தால் மைனர்! வயது மட்டும்தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, திறமைக்கு அங்கே இடமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2007-இல் 21 வயதுக்குட்பட்டோர் பட்டம். 2008-இல் கால்வே சீனியர் அணியில் இறங்கினார். அந்த ஜூலையில் தர்லஸில் கார்க் அணியுடன் ஆட்டம். கால்வே எடுத்தது 2 கோல், 15 புள்ளி. அதில் கேனிங் அடித்தது 2 கோல், 12 புள்ளி. கூட்டினால் 21-இல் 18 இவருடையது. கார்க் 23 புள்ளியோடு வென்றுவிட்டது என்பது வேறு விஷயம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சிறந்த இளம் வீரர் விருது அவருக்கே. சீனியர் அகில அயர்லாந்துப் பட்டத்துக்கு மட்டும் 2017 செப்டம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால்வே அதற்கு முன் கடைசியாக வென்றது அவர் பிறந்த ஆண்டில். அன்று காலத்தின் குறும்பும் ஒன்று உண்டு: முன் ஆட்டத்தில் கார்க்கை வென்று கால்வே மைனர் அணியும் பட்டம் எடுத்தது, அதில் 2 கோல் போட்டவர் அவருடைய அண்ணன் மகன் ஜாக். 18 வயது எல்லையில் நடந்த கடைசி மைனர் இறுதிப்போட்டியும் அதுதான்.

இனி இந்த மைனருக்கான தமிழ்ச் சொல். முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுச் செய்தியில் ‘ஜூனியர்’ என்றால் இளையோர் என்று எழுதிப் பழகிவிட்டோம். அயர்லாந்து ஹர்லிங்கில் ஜூனியர் என்பது வயதுப் பிரிவே இல்லை. சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்பவை பெரியவர் அணிகளின் தரவரிசை. முப்பத்தைந்து வயதுக்காரர் ஜூனியர் ஆட்டக்காரராக இருக்கலாம். ஆகவே அங்கே சீனியரை முதல்நிலை என்றும் ஜூனியரை மூன்றாம்நிலை என்றும் எழுதினால்தான் சரியாக வரும். ‘அண்டர்ஏஜ்’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் காதில் அது ஏதோ குற்றம்போல ஒலிக்கும். அங்கே சிறுவர் பிரிவுகள் அனைத்துக்கும் அது பொதுப்பெயர்.

மைனருக்கு ‘சிறு’ உதவாது. சிறு பாசனம், சிறு அறுவை சிகிச்சை எல்லாம் அளவைச் சொல்பவை. இங்கிலாந்து கிரிக்கெட்டில் சிறிய மாவட்ட அணிகளைக் குறித்த மைனர் கவுன்டி அந்த வகை, 2020-இல் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். ‘பதினெட்டுக்குட்பட்டோர்’ என்று எழுதினால் 2018-க்குப் பிறகு பொய்யாகிவிடும். ‘பராயமடையாதவர்’ இலங்கைச் சட்டத் தமிழில் நன்றாக வழங்குகிறது, ஆனால் பதக்கம் வாங்கிய பையனை ‘இன்னும் ஆகாதவன்’ என்று சொல்வதுபோல் இருக்கிறது. பாட்டியல் என்ற பழைய இலக்கண நூல்கள் ஆண்களை வயதுவாரியாகப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று பிரிக்கும். அதில் காளைக்கு எல்லை 16. ஆசைப்படத் தூண்டும் சொல்தான், ஆனால் ‘கால்வே காளைகள்’ என்று போட்டால் ஏதோ ஜல்லிக்கட்டுச் செய்தி என்று நினைத்துவிடுவார்கள்.

என் தேர்வு ‘இளவர்’. சட்டத் தமிழில் மைனருக்கு ஏற்கெனவே உள்ள சொல்தான். வயதை எண்ணாகக் கட்டிப்போடவில்லை, குறைவு என்ற ஒலியும் இல்லை. ‘கேனிங் மூன்று ஆண்டுகள் கால்வே இளவர் அணியில் ஆடி, 2008-இல் முதல்நிலை அணிக்கு வந்தார்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் ‘மைனர் எனப்படும் இளவர் பிரிவு’ என்று சேர்த்துவிடலாம். 2018-க்கு முந்தைய ஆட்டமா பிந்தைய ஆட்டமா என்பதைப் பொறுத்து வயது எல்லையையும் அதே இடத்தில் குறித்துவிட வேண்டும்.